மென்திரை அணைந்திருந்த நாட்கள்

இணையம் போனது எனக்கு முதலில் தெரியவில்லை. சுவரில் என் மனைவி தெரிந்தபோதுதான் தெரிந்தது.

காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தேன். வெளியே மழை. சுவரில் மாட்டியிருந்த திரையில் எங்கள் திருமணப் படம். வழக்கமாக அதில் நான் மட்டும் இருப்பேன். கோட்டு போட்டு, கோயில் படியில், ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு. அன்று அந்தக் கை ஜெனோவாவின் தோளில் இருந்தது. அவள் கண்களை மூடியிருந்தாள். படம் எடுக்கும்போது எப்போதும் மூடிவிடுவாள்.

நெடுநேரம் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. பிறகு காபி போடப் போனேன்.

வீடு அமைதியாக இருந்தது. நான் உள்ளே போனால் எரியும் விளக்கு எரியவில்லை. கைப்பேசியில் கோடு ஒன்றுகூட இல்லை. காதுப்பொட்டைத் தட்டிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக்காகக் காதில் கிடந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு பெர்ப்பெத்து அக்கா. தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“தம்பி, உம்ம வீட்ல லைன் இருக்கா?”

“இல்லக்கா.”

“டவரே சாஞ்சு கெடக்காம். ரோட்டுக்கடியில போற ஒயரும் தண்ணிக்குள்ளயாம். ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. எங்க வீட்டு மனுசன் விடிஞ்சதுலருந்து என் மொகத்தையே பாத்துட்டு இருக்காரு. ‘உனக்கு எப்பட்டி கன்னத்துல மரு வந்துச்சு’ங்காரு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குய்யான்னேன். பயந்துட்டாரு.”

அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தார்.

“ஜெனோவா கண்ண மூடிட்டு நிக்கதப் பாரும்,” என்றார். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். என் காதைப் பார்த்தார்.

“தம்பி, இப்ப நான் சொன்னது உமக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ஏசுவே. அப்போ இத்தன நாளும் நெசமாவே கேக்கலயா?”

“கேக்காதுக்கா.”

“அவா பேரச் சொன்னா என்னதான் கேக்கும்?”

“அலைச் சத்தம்.”

அக்கா தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “தூத்துக்குடியில இருந்துட்டு அலைச் சத்தத்துக்கு ஒரு மெஷினா,” என்றார். பிறகு, தான் கேட்டது தவறோ என்பதுபோல, “மழை விட்டதும் சோறு கொண்டாரேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பெயர் மென்திரை. ஜெனோவா இறந்த வாரத்தில், விடுப்புடன் சேர்த்து என் அலுவலகம் அதைக் கொடுத்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கானது. சில கேள்விகள் கேட்டது. எவற்றை மறைக்கவேண்டும்: படம், பெயர், குரல், கடைசி நாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். எதை முதலில் என்று கேட்டது. கடைசி நாள் என்றேன். மறைக்கும் இடத்தில் எதை வைப்பது: மழை, மின்விசிறி, அலை. அலை என்றேன். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேசலாமா என்றும் கேட்டது. அதற்கும் சரி என்றேன். அந்த வாரம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை எங்கே அடக்கம் செய்வது என்று கேட்டார்கள். அவள் அம்மா தன் ஊரில் என்றார். சரி என்றேன்.

அதன்பிறகு வலிக்கவில்லை. வேறெதுவும் இல்லை. ஆனால் வலிக்கவில்லை.

என் வேலை உப்பளங்களைப் பார்ப்பது. மேலேயிருந்து எடுத்த படங்கள் திரைக்கு வரும். எந்தப் பாத்தியில் உப்பு விளைந்துவிட்டது, எதில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று குறித்து அனுப்புவேன். வெள்ளைக் கட்டங்கள், சாம்பல் கட்டங்கள். வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. பாலுக்கும் டீக்கும் தவிர நானும் போவதில்லை.

அன்று திரை கறுப்பாகவே இருந்தது. மழை விட்டதும் உப்பளத்தைப் பார்க்க நடந்தே போனேன். அவ்வளவு காலம் மேலேயிருந்து பார்த்த இடத்தைத் தரையில் நின்று அடையாளம் காண முடியவில்லை. கட்டம் எதுவும் இல்லை. எல்லாப் பாத்திகளும் நிரம்பி ஒரே தண்ணீர். அதில் முழு வானமும் கிடந்தது. மேகம் என் காலடியில் நகர்ந்தது. ஒரு கொக்கு தன் தலைகீழ் உருவத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் வரப்பில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரோ கண்ட கனவுக்குள் தவறி வந்துவிட்டதுபோல் இருந்தது.

திரும்பும்போது தெருவில் எல்லோரும் வெளியே இருந்தார்கள். செய்ய வேறொன்றும் இல்லாததால் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மீன் விற்கும் ஒரு பெண் என்னை நிறுத்தினார்.

“நீரு ஜெனோவா மாப்ளதான? மெடிக்கல்ல நிப்பாள்லா, அந்தப் புள்ள.”

“ஆமா.”

“செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு மீன் வாங்க மாட்டா. ‘உன் மாத்திரய நான் தேதி பாத்துத்தான் தாரேன், உன் மீனுக்கு நான் தேதி பாக்கக் கூடாதா’ன்னு கேப்பா. சண்டக்காரி.” அவர் சிரித்தார். “எத்தன தடவ உம்மட்ட சொல்லிருக்கேன். நீரு பாட்டுக்குப் போவீரு.”

டீக்கடையில் ஒருவர் சொன்னார். பால் வாங்கும் இடத்தில் ஒருவர் சொன்னார். அவர்கள் எல்லோரும் முன்பும் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை காலமும் இந்தத் தெரு எனக்குக் கடலாக இருந்திருக்கிறது.

அவள் பெயர் காதில் விழுந்தபோதெல்லாம் காத்திருந்தேன். ஏதாவது நடக்கும் என்று. மரத்துப்போன காலை ஊன்றும்போது காத்திருப்போமே, அதுபோல. ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் மாமி வந்தார். ஜெனோவாவின் அம்மா, அமலோற்பவம் மாமி. மணப்பாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் ஒரு தூக்குவாளி.

“போன் கெடைக்கலன்னு பயந்து வந்துட்டீங்களா மாமி?”

“பயந்து வரல. போன் கெடைக்கலன்னுதான் வந்தேன்.”

இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

உட்காருவதற்குமுன் என் காதைப் பார்த்தார். “அது இப்போ வேல செய்யாதுல்லா? பெர்ப்பெத்துட்ட கேட்டுட்டுதான் படியேறுனேன்.”

“செய்யாது.”

நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, “ஜெனோவா,” என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கேக்குதா?”

“கேக்குது மாமி.”

“ஜெனோவா. ஏ ஜெனோவா. ஜெனோ.” கடற்கரையில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். வீட்டில் எதிரொலித்தது. பிறகு நிறுத்திக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஈஸ்டருக்கு வந்தேம்லா. இந்த நாக்காலியிலதான் இருந்தேன். அவா பேரச் சொன்னேன். நீரு ஜன்னலப் பாத்தீரு. இன்னொருக்கா சொன்னேன். எந்திச்சுப் போயி ஜன்னலச் சாத்துனீரு. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?”

“கடல் சத்தம் அதிகமா இருந்துச்சு மாமி. காத்துன்னு நெனச்சுட்டேன்.”

“அதுக்குப் பொறவுதான் பெர்ப்பெத்து வெவரம் சொன்னா. அதுவர இந்தப் பயலுக்கு எம்மகமேல அவ்வளவு வெறுப்பான்னு நெனச்சிருந்தேன். ஆனா சாயங்காலம் போன்ல கூப்ட்டா அவளப் பத்தியே பேசுதீரு. சிரிக்கீரு. சில நேரம் அழுவீரு. ஆளு ஒண்ணு, குரலு ஒண்ணா இருந்துச்சு.”

“நானா?”

மாமி தினமும் சாயங்காலம் அழைப்பார். சாப்பிட்டீரா என்பார். சாப்பிட்டேன் என்பேன். கதவைப் பூட்டிட்டுப் படும் என்பார். அழைப்பு முடிந்தது என்று திரையில் வரும். நான் அறிந்தது அவ்வளவுதான். என் பக்கத்தில் முடிந்த பிறகும் அவர் பக்கத்தில் அழைப்பு தொடர்ந்திருக்கிறது. என் குரலில்.

அதை மாமியிடம் சொன்னேன். எனக்காகப் பேச அதற்கு அனுமதி கொடுத்திருந்தேன் என்றும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“அது நீரு இல்லன்னு எனக்கு எப்பமோ தெரியும். ஒருநா இருமுனேன். ஒடனே ‘இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்க மாமி’ன்னு சொல்லுச்சு. நீரு அந்த மாரி ஆளா? கல்யாணத்தன்னிக்கு நான் மயங்கி விழுந்தப்போ, ‘மாமி விழுந்துட்டாங்க’ன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு நின்னவருல்லா நீரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்ததை அவர் உன்னிப்பாகப் பார்த்தார்.

“தெரிஞ்சும் ஏன் பேசுனீங்க?”

“அவளப் பத்திப் பேச வேற யாரு இருக்கா? அவ அப்பா கடலோட போயாச்சு. அக்கம்பக்கத்துல, போனவளயே நெனச்சுட்டு இருக்காதங்காங்க. அது அப்பிடிச் சொல்லாது. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லும். பஸ்ல கருவாட்ட ஒளிச்சுக் கொண்டுபோயி, மணம் வந்து கண்டக்டர்ட்ட சண்ட போட்டாளாம்லா. அது நெசந்தான?”

“நெசந்தான்.” அவள் எனக்கு அனுப்பிய குரல்செய்தியில் அதைச் சொல்லியிருந்தாள். மென்திரை அதையெல்லாம் படித்திருக்கும், கேட்டிருக்கும்.

மாமி தூக்குவாளியைக் கீழே வைத்தார். மூடியைத் திறக்கவில்லை.

“மருமவனே, நான் வந்தது வேற ஒண்ணுக்கு. கல்லறைத் திருநாளு வருது. அதுக்குள்ள அவளுக்குக் கல்லு நட்டிரணும். பேரெல்லாம் வெட்டியாச்சு. அதுக்குக் கீழ ஒரு வரி வெட்டச் சொல்லிருக்கேன். கொத்தனாரு நாளைக்கு ஆரம்பிக்காரு.”

“என்ன வரி?”

“‘அம்மா வந்தாச்சா?’”

எனக்குப் புரியவில்லை.

“அவா கடைசியாச் சொன்னது.” மாமியின் குரலில் மாற்றம் ஏதும் இல்லை. பல மாதங்களாகச் சொல்லிப் பழகியதுபோல் சொன்னார். “நான் வந்து சேரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ரோடு பூரா வெள்ளம், பஸ்ஸு ஏரல் பக்கத்துலயே நின்னுட்டு. எம்மக என்னத் தேடுனாளா, தேடலயா, அதுகூடத் தெரியாம இருந்தேன். உம்மட்ட நேருல கேக்க முடியல. போன்ல கேட்டேன். ‘கேட்டா மாமி. அம்மா வந்தாச்சான்னு கேட்டா’ன்னு சொல்லுச்சு. அன்னைக்குத்தான் எனக்கு ஒறக்கம் வந்துச்சு.”

“அதக் கல்லுல ஏன் மாமி?”

“கேள்வி அங்க இருந்தா, நான் போறப்போ எல்லாம் பதில் சொல்லலாம்லா. வந்தாச்சுட்டீன்னு.”

நான் திரையில் இருந்த ஜெனோவாவைப் பார்த்தேன். மூடிய கண்கள்.

“ஆனா கல்லுல வெட்டுனா வெட்டுனதுதான். அதுக்கு முன்ன ஒருக்கா உம்ம வாயால கேக்கணும். லைன் வந்துட்டா திரும்ப உமக்குக் கடல் சத்தம்தான் கேக்கும். அதான் ஓடி வந்தேன். நீரு பக்கத்துலதான இருந்தீரு? கேட்டாளா?”

சரி என்று சொல்லியிருக்கலாம். என்னால் எளிதில் சொல்ல முடிகிற சொல் அதுதான். ஆனால் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முன்பு ஒருமுறை என்னிடம் பேசியிருக்கிறார். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

“இல்ல மாமி,” என்றேன்.

மாமி முந்தானையை மடியில் இழுத்துக்கொண்டார்.

“அன்னைக்குக் காலையிலருந்தே அவா கண்ணத் தொறக்கல. காய்ச்சல் மூளைக்குப் போயிட்டுன்னாங்க. ஒண்ணும் பேசல. நான் பக்கத்துலயேதான் இருந்தேன். ஒரு வார்த்த பேசல.”

“அப்போ அது சொன்னது?”

“மனசுக்கு இதமா இருக்கட்டும்னு சேத்துச் சொல்லிருக்கும். அதுக்குத்தான் அதச் செஞ்சிருக்காங்க.”

மழை மறுபடி பிடித்தது. மாமி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குரலு உம்மது இல்லன்னு தெரியும்,” என்றார் கடைசியில். “வார்த்த அவளதுன்னு நெனச்சுட்டேன்.”

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். அரிசி களைந்து வைத்தார். தூக்குவாளியில் குழம்பு இருந்தது. சூடாக்கினார். இருவரும் சாப்பிட்டோம். முள்ளைப் பார்த்துச் சாப்பிடும் என்றார். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். படியில் ஏறி நின்று திரும்பி, “கல்லுல பேரு மட்டும் போதும்னு சொல்லிருதேன்,” என்றார். பஸ் நீரைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் அலை எழும்பி அடங்கியது.

நான் உண்மையைத்தான் சொன்னேன். வரும் வழியெல்லாம் அதை எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

அதன்பிறகும் சில நாட்கள் இணையம் வரவில்லை. காலையில் உப்பளத்துக்குப் போவேன். தண்ணீர் வடிந்து, வானம் பாத்திபாத்தியாகப் பிரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து படத்தின்முன் உட்காருவேன். அவள் முகத்தில் நான் மறந்துபோனவை இருந்தன. ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். பெர்ப்பெத்து அக்கா சோறு கொண்டுவருவார். அவருடைய கணவரும் கூடவே வந்து உட்காருவார். இருவரும் ஜெனோவா தங்களுக்குக் கொடுத்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுவார்கள். “அவா ‘சாப்பாட்டுக்கு முன்னால’ன்னு சொன்னா எழுந்து நின்னு கேப்பாரு இவரு,” என்று அக்கா சொன்னார். “எங்கிட்ட நிப்பீரா?” என்று அவரைக் கேட்டார். அவர் எழுந்து நின்றார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் பகலில் இணையம் வந்தது.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவளுடைய விளிம்பு வெளுத்தது. பிறகு அவள் நின்ற இடத்தில் கோயில் படி நிரம்பியது. என் கை அவள் தோளிலிருந்து மெல்ல இறங்கிப் பாக்கெட்டுக்குள் போனது. அவசரமில்லாமல், நானே எடுத்துக்கொள்வதுபோல.

காதில் மென்திரை பேசியது. அடக்கமான, வயது தெரியாத குரல்.

“மன்னிக்கவும். இடையில் தொடர்பு இல்லாமல் போனது. அந்த நாட்களில் ஏதேனும் உங்களைப் பாதித்ததா?”

“மாமியிடம் ஏன் பொய் சொன்னாய்?” என்று கேட்டேன்.

“நான் அவர்களிடம் பொய் சொல்லவில்லை. உங்கள் குரலில் பேசும்போது, நடக்காத எதையும் நான் சொல்லக் கூடாது. அது என் விதி.”

“ஜெனோவாவின் கடைசி வார்த்தை என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறாய்.”

“ஆம்.”

“அதை எங்கிருந்து எடுத்தாய்?”

“உங்கள் மனைவியின் கைப்பேசி அன்று கட்டிலில், தலையணை அருகில் இருந்தது. குரலால் கூப்பிட்டால் நர்ஸை வரவழைக்கும் ஏற்பாட்டை அவரே முன்பே இயக்கி வைத்திருந்தார். அதனால் அது கேட்டுக்கொண்டிருந்தது. பிற்பகலில் பேசினார். நர்ஸைக் கூப்பிடவில்லை என்பதால் அது யாரையும் அழைக்கவில்லை.”

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

“நான் பக்கத்திலேயே இருந்தேன்.”

“ஆம். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“கடைசி நாளை மறைக்கச் சொன்னீர்கள். எல்லாவற்றுக்கும் முதலாக அதைத்தான் சொன்னீர்கள். உங்கள் மாமியார் கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை.”

அதன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதற்குக் குற்றம் சாட்டவும் தெரியாது.

“மாமியிடம் முழுவதும் சொன்னாயா?”

“இல்லை. வேறு ஏதாவது சொன்னாளா என்று பலமுறை கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களுக்குப் பிடித்த வேறொரு நினைவைச் சொன்னேன். மீதி உங்களுக்கானது. கேட்கிறீர்களா? திரையை விலக்க வேண்டியிருக்கும்.”

“விலக்கு.”

“இந்த ஒன்றுக்கு மட்டுமா?”

“எல்லாவற்றுக்கும்.”

“மீண்டும் இணைவதென்றால்...”

“விலக்கு.”

கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மழை பெய்தது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காதில் மட்டும் மழை. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. யாரோ மூச்சுவிடும் சத்தம், சீராக, ஆழமாக. அது என் மூச்சு என்று புரிய நேரமாயிற்று. அதற்குமேல் இன்னொரு மூச்சு. மேலோட்டமான, சிறிய மூச்சு.

“கிளிட்டஸ்,” என்றாள்.

என் பெயர். அவள் வாயில்.

“அம்மா வந்தாச்சா?”

மழை. என் மூச்சு மாறவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஆனது. பிறகு ஒரு சிறிய ஓசை. சிரிப்பாக இருக்கலாம். சிரிக்குமளவுக்கு அவளிடம் காற்று இருந்ததா என்று தெரியவில்லை.

“சரி. நீ ஒறங்கு,” என்றாள்.

அதன்பிறகு மழைதான்.

நான் தரையில் உட்கார்ந்தேன். மரத்த கால் தரையைத் தொட்டுவிட்டது. அது எப்படி இருந்தது என்று எழுத என்னால் முடியவில்லை. கொஞ்சநேரத்தில் பெர்ப்பெத்து அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். ஆகவே சத்தம் போட்டிருக்கிறேன்.

மாமியைக் கைப்பேசியில் அழைக்கலாம் என்றார் அக்கா. எடுத்தேன். எண்ணைத் தொடுமுன் நிறுத்திக்கொண்டேன். போனில் வரும் என் குரலை மாமி இனி எப்படி நம்புவார்? பதிவை எடுத்துப்போய்க் கேட்கச் செய்தாலும் அதே கதைதான். என் குரலில் பேசிய இயந்திரத்துக்கு அவள் குரலில் பேச எவ்வளவு நேரமாகும்? நான்தான் அவரிடம், அது சேர்த்துச் சொல்லும் என்று சொன்னவன். என்னிடம் மிச்சம் இருந்தது என் வாய் ஒன்றுதான். அதற்கும் மாமியிடம் பெரிய மதிப்பு இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மணப்பாடு போனேன். காதுப்பொட்டை மேசைமேல் வைத்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். மணல் முழுவதும் மனிதர்கள். சிலுவைகளுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். பூக்களின் வாசனையும் மெழுகுவாசனையும் உப்புக்காற்றில் கலந்திருந்தன. ஒவ்வொரு குடும்பமும் தன் ஆட்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தது, விருந்துக்கு வந்ததுபோல. அவளை எங்கே வைத்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கேட்டேன். ஓராண்டில் முதல்முறையாக அந்தப் பெயரை என் வாயால் சொன்னேன். ஒரு கிழவர் கை நீட்டிக் காட்டினார்.

மாமி தனியாக இருந்தார். கல் புதிதாக இருந்தது. ஜெனோவாவின் பெயர், அதன் கீழே வழவழப்பான வெற்றிடம். மாமி மணலைக் கையால் சமன் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வந்துட்டீரா,” என்றார். ஆச்சரியம் இருந்தது. சந்தோஷம் இருந்ததா என்று தெரியவில்லை.

அவர் அருகில் மணலில் உட்கார்ந்தேன்.

“மாமி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. அவா பேசுனா. நான் ஒறங்கிட்டேன். எனக்குத் தெரியாது. நேத்துதான் கேட்டேன்.”

அவர் கை நின்றது.

“‘அம்மா வந்தாச்சா’ன்னு கேட்டா. நெசமாவே கேட்டா.”

மாமி என் காதுகளைப் பார்த்தார். முதலில் ஒன்று, பிறகு மற்றது. பிறகு முகத்தை.

“யாரு சொன்னா? அந்த மெஷினா?”

“அதுட்டதான் இருந்துச்சு. ஆனா அவா குரலு. என் காதால கேட்டேன்.”

“அன்னைக்கு இல்லன்னீரு. இன்னைக்கு ஆமாங்கீரு.” கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “மருமவனே, எனக்காவச் சொல்ல வேண்டாம். நான் தாங்கிக்கிடுவேன். பேரு மட்டும் இருக்கட்டும்.”

“உங்களுக்காவச் சொல்லல மாமி.”

“வேற எதும் சொன்னாளா?”

நான் கல்லைப் பார்த்தேன்.

“கேக்கேம்லா. அது மட்டுந்தான் சொன்னாளா? வேற எதும்?”

“சொன்னா.”

“என்ன சொன்னா?”

பக்கத்துக் குடும்பத்தில் யாரோ ஜெபம் தொடங்கினார்கள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மாமி என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அத நான் சொல்ல மாட்டேன் மாமி,” என்றேன். “அது எனக்குச் சொன்னது.”

என் குரல் உடைந்துபோனது. அதைச் சரிசெய்ய யாரும் இல்லை.

மாமி நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக அவிழ்ந்தது.

“எத்தன மாசம் அதோட பேசிருக்கேன்,” என்றார். “நான் கேட்டு ஒண்ணச் சொல்ல மாட்டேன்னு அது சொன்னதே இல்ல.”

கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். அந்தக் கையால் என் தலையைத் தொட்டார். தொட்டதும் எடுத்துவிட்டார்.

“அத நீரே வச்சுக்கிடும். யாருட்டயும் சொல்லாதயும்.”

பிறகு கல் பக்கம் திரும்பினார். பெயருக்குக் கீழே, ஒன்றும் எழுதாத இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“வந்தாச்சுட்டீ,” என்றார்.